கொண்டை ஊசி

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.
பெயர் மாதேஸ்வரன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்,
வண்டி சொந்தமில்லை, சம்பளத்துக்கு,
வீடு சூரமங்கலத்தில், ரயில் போனால் டம்ளர் நகரும்.
சாதியைக்கூடச் சொல்லிவிட்டேன்.
அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்,
பிறகு எழுந்து மறுபடி பற்றவைத்தாள்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை:
அந்தச் சாலை வரவேண்டும் என்பவன் அவன்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி என் பெரியப்பா தோப்பு.
நாற்பத்தொரு தென்னைக்கும்
ஒரே மத்தியானத்தில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள்.
கல் நட்டார்கள்.
பெரியம்மா அதைப் பிடுங்கவும் இல்லை,
அதன்மேல் துணி காயப்போடவும் இல்லை.
தூங்குகிற நாயைச் சுற்றுவதுபோல்
சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.
நான் கலெக்டர் ஆபீஸ் வாசலில்
தார்மேல் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு முறை.
வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து,
தக்காளி சாதம் கொடுத்துச்
சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

அவனிடமும் ஒரு கதை இருக்கிறது.
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.
எட்டு வயதுப் பையன், தீக்காயம்,
இங்கே கைவிரித்து, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
உளுந்தூர்பேட்டைக்கு முன்னால்
கரும்பு லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது.
நாற்பது நிமிடம்.
“சைரனை அணைச்சிடுங்க, புள்ள தூங்கிட்டான்”
என்றாளாம் அந்தத் தாய்.
அன்றிலிருந்து மாதேசு சாலை என்று சொன்னால்
தாகம் எடுத்தவன் தண்ணீர் என்பதுபோல் இருக்கும்.

போன ஞாயிறு, அவன் நண்பனின் ஆம்னியில், ஏற்காடு.
பெட்ரோல் வாசம். பின்சீட்டில் யாருடையதோ ஸ்கூல் பேக்.
மூன்றாவது வளைவில் நான் தொடங்கினேன்
(தொடங்கமாட்டேன் என்று அஸ்தம்பட்டியில்
எனக்கு நானே சொல்லியிருந்தேன்).
ஐந்தில் அவன் “உங்க ஆளுங்க” என்றான்.
ஆறில் நான் “உங்க ஆளுங்க” என்றேன்.
எந்த ஆளும் வண்டியில் இல்லை.
ஒன்பதில் ஒரு குரங்கு கண்ணாடியைத் தட்டியது,
இருவரும் சேர்ந்து அதைத் திட்டினோம்.
பிறகு கியர் சத்தம் மட்டும்.
கீழே சேலம், மேக்னசைட் தோண்டிய வெள்ளைக் காயங்களோடு,
இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வந்தது,
என் வயிறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் திணறியது.

14/20 என்ற பலகையின் கீழ்
கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன்.
பூரி, கிழங்கு, கொள்கை, எல்லாம்.
ஒரு கையில் என் முடியைச் சேர்த்துப் பிடித்தான்,
இன்னொன்றில் தண்ணீர் பாட்டில்.
பழகிய கை. எத்தனையோ பேரின் நெற்றியைத் தாங்கிய கை.
தாங்கிக்கொண்டே சொன்னான்:
“ரோடு நேரா இருந்தா இது வருமா, கோகி?”

கசந்த வாயோடு சிரித்துவிட்டேன்.
மூக்கெல்லாம் எரிந்தது.
அடிக்கலாம் என்றுதான் நினைத்தேன்,
கைக்குட்டை கேட்டேன்.

ஏரிவரை போகவில்லை.
இறங்கும்போது அவனாகவே கேட்டான்,
தோப்பைப் பார்க்கலாமா.
பெரியப்பா யார் என்று விசாரிக்கவில்லை, இளநீர் சீவினார்.
இருபத்தாறாம் மரத்தடியில் நின்று குடித்தான்,
வழுக்கையைத் தின்றான்,
கல்லை ஒருமுறை பார்த்தான்.
நான் வாய் திறக்கவில்லை.
திறந்திருந்தால் அன்று ஜெயித்திருப்பேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
கட்டைவிரல் நகத்தால் அந்த எண்ணைச் சுரண்டினான்.
கொஞ்சம் துகள் உதிர்ந்தது. எண் போகவில்லை.

இரவு ஐந்து ரோட்டில், தள்ளுவண்டி முன்னால்,
தட்டுவடை செட் இரண்டு சொன்னோம்.
“நீ மாத்திக்காதே,” என்றான், “நானும் மாத்திக்கல.”
சரி என்றேன்.
அவன் நகக்கண்ணில் சிவப்பு.
என்ன அது என்றேன்.
பீட்ரூட், என்றான்.
தட்டு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.